கேட்பவர் அறியப்படுதல்: தகடூர் சார்ந்த புறநானூற்றுப் பாடல்களில் பரிசிலும் சினமும்

ஆய்வுச் சுருக்கம்

இடர் நேர்ந்தபோது பிறரிடம் உதவி கேட்பது இழிவு என்னும் கருத்துக்குச் சங்கப் பாடல்களும் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை மையமாகக் கொண்ட புறநானூற்றுப் பாடல்களை ஒருசேர வாசிக்கும்போது இக்கருத்து முழுமையாகப் பொருந்தவில்லை. அப்பாடல்களில் கேட்டல் இழிவாகச் சுட்டப்படவில்லை. கேட்டவர் இன்னார் என அறியப்படாமல் பொருள் பெறுவதே இழிவாகக் கருதப்படுகிறது. யாரிடம் கேட்பது, எவ்வாறு கேட்பது, எதுவரை காத்திருப்பது, எப்போது மறுப்பது என்பன பயின்று பெறும் அறிவாக அங்கு அமைந்துள்ளன. அவ்வறிவின் எல்லையையும் அப்பாடல்களே உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தகடூர், அதியமான், ஔவையார், பெருஞ்சித்திரனார், பரிசில், வரிசை, இரவு, இரவச்சம்

முன்னுரை

கொடு என்று கேட்பது இழிவு. கொடேன் என்பது அதனினும் இழிவு. வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய புறநானூற்று 204ஆம் பாடலின் தொடக்கக் கருத்து இது. கேட்டலைப் பற்றிய சங்ககால மதிப்பீட்டைக் கூறுவோர் பெரும்பாலும் இக்கருத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் கேட்பதை இழிவென்று கூறும் அப்பாடலே பரிசில் வேண்டிச் சென்ற ஒருவரின் கூற்றாகும். பொருள் கிடைக்காதபோது வள்ளலைப் பழிக்காமல் தாம் புறப்பட்ட பொழுதையும் புள்நிமித்தத்தையும் நொந்துகொள்வதே பரிசிலர் இயல்பு என்று அது முடிகிறது. முடிவை விடுத்துத் தொடக்கத்தை மட்டும் நினைவில் நிறுத்தும்போது, கேட்டல் என்பது விலக்கத்தக்க செயலாகவே தோன்றும்.

புறநானூற்றை 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பின்னர் பரிசில் பாடல்கள் பல நோக்கில் ஆராயப்பட்டுள்ளன. 1968இல் வெளிவந்த தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய தம் ஆங்கில நூலில் க. கைலாசபதி, இப்பாடல்களை வாய்மொழிப் பாடல் மரபின் பின்னணியில் விளக்கினார். வள்ளலின் கொடையும் புகழும், பாணர் புலவர் ஆகியோரின் சமூக நிலையும் ஆய்வாளர் கவனத்தைப் பெற்றன. ஆயினும் கேட்டல் என்னும் செயல் கொடையின் முன்னுரையாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. உலக அளவிலான கொடைக் கோட்பாட்டிலும் இந்நிலையைக் காணலாம். 1925இல் வெளியான கொடை பற்றிய கட்டுரையில் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடுத்தல், பெறுதல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடப்பாடுகளை வகுத்தார். கேட்டல் அவ்வரிசையில் நான்காவதாக இடம்பெறவில்லை. அந்த இடத்தை நிரப்பும் சான்றுகள் தகடூர் சார்ந்த பாடல்களில் உள்ளன.

கல்லில் ஈந்தவர், பாட்டில் கேட்டவர்

இன்றைய தருமபுரியே பண்டைய தகடூர். அதியமான் மரபினரின் நினைவை அருகிலுள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ எனச் சுட்டப்படும் அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகைத்தளத்தை ஈந்த செய்தியைக் கூறுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் இடம்பெறும் சதியபுத்திரர் யார் என்னும் வினாவிற்கு விடை தந்தமையால் அக்கல்வெட்டு வரலாற்று ஆய்வில் சிறப்பிடம் பெற்றது.

அக்கல்வெட்டில் ஈந்தவரின் பெயர் உண்டு. ஈயப்பட்ட பொருளும் உண்டு. பெற்றவர் பெயர் இல்லை. அவர் கேட்டுப் பெற்றாரா, கேளாமல் பெற்றாரா என்பதற்கும் அதில் விடை இல்லை. கொடையைப் பதிவுசெய்யும் ஆவணம் இவ்வளவில் நிறைவடைகிறது. கேட்டவரின் மனநிலையை அறியப் பாடல்களிடமே செல்ல வேண்டியுள்ளது. புறநானூற்றில் ஔவையார் பெயரில் அமைந்த 33 பாடல்களுள் பெரும்பகுதி அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பற்றியவை. பெருஞ்சித்திரனாரின் ஒரு பாடலும் அஞ்சியிடம் பரிசில் பெறச் சென்ற நிகழ்வைச் சொல்கிறது. ஒரே வள்ளலிடம் சென்றவர்கள் அடைந்த நம்பிக்கை, தாமதம், சினம், மறுப்பு, இழப்பு ஆகியவற்றை இப்பாடல்களில் தொடர்ச்சியாகக் காண முடிகிறது.

கேட்டற் சொற்களும் கேட்பவர் நிலையும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், இரத்தற் பொருளில் வரும் சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் குறிப்பிடுகிறது. இழிந்தோன் ஈ என்றும், ஒப்போன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்க வேண்டும் என்பது அதன் வரையறை. இவ்வரையறையிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இழிந்தோர் மட்டுமல்லாமல் ஒப்போரும் உயர்ந்தோரும் கேட்பர் என்பதை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. மற்றொன்று, வாய்திறந்து கேட்ட அளவிலேயே கேட்பவர் தம் நிலையை அறிவித்துவிடுகிறார். நடுநிலையான கேட்டற்சொல் எதுவும் அங்கில்லை.

இவற்றோடு மேலும் ஒரு நுட்பத்தையும் அவ்வியல் கூறுகிறது. கொடு என்பது படர்க்கைக்குரிய சொல்லாயினும், தன்னைப் பிறன்போல வைத்துக் கூறும் குறிப்பினால் அது தன்னிடத்தும் வரும் என்கிறது. உயர்ந்தோன் தனக்காகக் கேட்கும்போது, வேறொருவருக்காகக் கேட்பவன் போலத் தன்னைச் சற்று விலக்கி நிறுத்திக்கொள்கிறான். தேவை தனதாக இருந்தும் அதைத் தனதென்று சொல்ல நா எழாத நிலையை இலக்கண நூல் ஒன்று விதியாகவே பதிவுசெய்திருப்பது கருதத்தக்கது.

ஔவையாரின் பரிசில் பாடல்களிலும் இத்தகைய விலகல் உண்டு. 101ஆம் பாடலில் அவர் தம் நெஞ்சிடம் பேசுகிறார். 206ஆம் பாடலில் வாயிற்காவலனிடம் பேசுகிறார். 103ஆம் பாடலில் விறலியிடம் பேசுகிறார். மூன்றும் அஞ்சியின் கொடையைப் பற்றியனவே. ஆனால் மூன்றிலும் அஞ்சியை நேரே நோக்கிய வேண்டுகோள் இல்லை. வேண்டுகோள் அவன் செவிக்கு எட்டவும் வேண்டும். ஈ என்னும் சொல் காட்டும் தாழ்ந்த நிலையைக் கேட்பவர் ஏற்காமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் பாடலின் கேட்போர் அமைப்பு நிறைவேற்றுகிறது.

காத்திருத்தலும் சினத்தலும்

101, 206 ஆகிய இரு பாடல்களுக்கும் பொதுவான பொருள் தாமதம். பரிசில் வரவில்லை, கேட்டவர் காத்திருக்கிறார். முந்தைய பாடலில் அவர் நெஞ்சுக்கு ஆறுதல் கூறுகிறார். ஒருநாள் இருநாள் அல்லாமல் பலநாள், பலரோடு மீண்டும் மீண்டும் சென்றாலும், முதல்நாள் காட்டிய விருப்பத்தையே அஞ்சி காட்டுவான். பரிசில் கிடைக்கும் காலம் நீண்டாலும் நீளாவிட்டாலும், அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளத்தைப் போன்றது, தவறாது. எனவே நெஞ்சம் வருந்த வேண்டியதில்லை என்பது பாடலின் கருத்து. பலமுறை வருதல் கேட்பவருக்குக் கூச்சம் தரும் செயல். அக்கூச்சத்தை வள்ளலின் மாறாத வரவேற்பு நீக்குகிறது. நம்பிக்கைக்கு அடிப்படையாக ஔவையார் காட்டுவது அவனுடைய செல்வத்தை அன்று. அவன் முகம் மாறாமையையே ஆகும்.

206ஆம் பாடலில் அந்நம்பிக்கை உடைகிறது. அஞ்சி பரிசில் நீட்டித்தபோது பாடப்பட்டது எனப் பழங்குறிப்பு கூறுகிறது. பரிசிலருக்கு அடைக்கப்படாத வாயிலைக் காப்பவனே என விளிக்கும் ஔவையார், உன் தலைவன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று வினவுகிறார். அறிவும் புகழும் உடையோர் அனைவரும் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை. யாழையும் பைகளையும் எடுத்துக்கொண்டோம். கோடரியோடு காட்டுக்குள் சென்ற தச்சனின் கைவல்ல சிறுவர்களுக்கு எங்கும் மரம் கிடைப்பதுபோல, எங்களுக்கு எத்திசையிலும் சோறு கிடைக்கும் என்கிறார்.

இவ்விரு பாடல்களையும் முரண்பட்ட மனநிலைகளாகக் கொள்வதைக் காட்டிலும் ஓர் உறவின் இரு பகுதிகளாகக் கொள்வது பொருத்தமாகும். முகம் மாறாத வரவேற்பு இருக்கும்வரை தாமதம் பொறுக்கத்தக்கது. அறியாமையாகவோ அறிய விரும்பாமையாகவோ மாறும்போது தாமதம் பொறுக்கத்தக்கதன்று. 206இன் வினா, ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்பதாக அமையாமல், என்னை அறியானா என்பதாக அமைந்தமை இதனை உறுதிசெய்கிறது. அதே பாடல் பரிசிலரை வரிசைக்கு வருந்துவோராகக் காட்டுகிறது. வரிசை என்பது தகுதி அறிந்து செய்யும் சிறப்பு. வயிற்றுத் தேவையோடு வந்தவருக்கும் வரிசை பற்றிய வருத்தம் உண்டு என்பதே இப்பாடலின் சினத்திற்கு அடிப்படையாகிறது.

காணாது ஈந்த பொருள்

சினம் மறுப்பாக வளரும் இடம் 208ஆம் பாடல். குன்றும் மலையும் கடந்து அஞ்சியிடம் வந்தார் பெருஞ்சித்திரனார். அஞ்சி அவரை நேரில் காணாமல், பொருளைக் கொண்டு செல்லுமாறு கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. என்னைக் காணாமலே என்னை எவ்வாறு அறிந்தான் என வினவி, தாம் பரிசிலை வணிகமாகக் கொண்டவர் அல்லர் என்கிறார். தகுதியின் அளவறிந்து தந்தால் தினையளவு பொருளும் இனியது என்பது அவர் முடிவு.

இம்மறுப்பை வறுமை அறியாத ஒருவரின் பெருமிதம் என்று தள்ளிவிட முடியாது. பெருஞ்சித்திரனாரின் வீட்டு நிலையைக் குமணனை நோக்கிய 159ஆம் பாடல் விரிவாகக் கூறுகிறது. முதுமையுற்ற தாயும், பிள்ளைகளால் தளர்ந்து கீரை பறித்து உண்டு வாழும் மனைவியும் அங்குள்ளனர். அந்நிலையிலும், விருப்பமின்றித் தந்தால் கொல்களிற்றையும் ஏற்கமாட்டேன் என்றும், மகிழ்ந்து தந்தால் குன்றிமணி அளவு சிறியதையும் ஏற்பேன் என்றும் அவர் கூறுகிறார். ஆகவே 208இன் மறுப்பு ஒருநாள் எழுந்த கோபம் அன்று. வெவ்வேறு வள்ளல்களிடம் அவர் ஒரே அளவுகோலையே கையாண்டார்.

கொடையின் அளவு மிகுதலும் அறிதலுக்கு ஈடாகாது என்பதை ஔவையாரின் 140ஆம் பாடல் வேறொரு வகையில் காட்டுகிறது. விறலியர் பறித்த கீரையோடு சமைப்பதற்குச் சிறிது அரிசி வேண்டியபோது, நாஞ்சில் வள்ளுவன் யானையைத் தந்தான். வரிசை அறிந்து தந்தானாயினும் அவன் அறிவிலி அல்லனோ என ஔவையார் நகைக்கிறார். இது பழிப்பதுபோலப் புகழ்தல் என்பதில் ஐயமில்லை. எனினும் கேட்டவரின் அடுப்பில் உலை காத்திருக்கிறது என்ற செய்தியும் அந்நகைப்பில் மறையாமல் நிற்கிறது. வரிசை அறிதல், தேவை அறிதல் என்னும் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க இப்பாடல் இடமளிக்கிறது.

அஞ்சியின் பகைவனான மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் கூறியதும் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஈதல் எளிது, வரிசை அறிதலே அரிது என்னும் 121ஆம் பாடல், புலவரை எல்லாம் பொதுவாக நோக்குவதைக் கைவிடுமாறு அவனை வேண்டுகிறது. தகடூரும் கோவலூரும் போர்க்களத்தில் எதிரெதிர் நின்றவை; அவற்றின் தலைவர்களிடம் சென்ற புலவர்களின் எதிர்பார்ப்பு ஒன்றாகவே இருந்தது.

வழிகாட்டலும் கேளாமல் பெற்றதும்

கேட்கத் தெரிந்தவர் கேட்கத் தெரியாதவருக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் அடிப்படை. 103ஆம் பாடலின் விறலி, ஒருபக்கம் பதலையும் ஒருபக்கம் முழவும் தொங்க, கவிழ்ந்த கலத்தை நிமிர்த்துவோர் யார் என்று ஏங்கிச் சுரத்தில் இருக்கிறாள். தேவையை அறிந்த அவளுக்குச் செல்லுமிடம் தெரியவில்லை. அஞ்சி தொலைவில் இல்லை, வறட்சிக் காலத்திலும் காக்க வல்லவன் என்று ஔவையார் தெரிவிக்கிறார். தாம் பெற்ற இடத்தை மற்றொருவருக்கு மறைக்காமல் சொல்வதால் கேட்டல் தனிமனிதச் செயலாக நின்றுவிடாமல், தொழிற்கூட்டத்தின் பொது அறிவாகிறது.

கேட்டலும் அறிதலும் முதிர்ந்த உறவில் கேட்கும் தேவையே குறைந்துவிடுகிறது. அரிதில் பெற்ற நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமல் தன்னுள்ளே மறைத்து அஞ்சி ஔவையாருக்குத் தந்ததை 91ஆம் பாடல் வாழ்த்துகிறது. பயனைச் சொல்லியிருந்தால் ஔவையார் மறுத்திருக்கக்கூடும் என்று கொள்ள இடமுண்டு. பெறுபவர் கூச்சத்தை அறிந்து கொடுப்பவர் பேசாதிருந்த நிகழ்வாகவும் இதனை வாசிக்கலாம். 92ஆம் பாடல் இவ்வுறவின் மொழியைக் கூறுகிறது. குழந்தையின் மழலையில் யாழின் இசையும் இல்லை, பொருளும் தெளிவில்லை. ஆயினும் தந்தையர்க்கு அருள் சுரக்கும். தம் சொற்களும் அஞ்சிக்கு அத்தகையனவே என்கிறார் ஔவையார். செம்மையாகக் கேட்க வேண்டிய கட்டாயம் அங்கு நீங்கிவிடுகிறது.

கொடுப்பவனும் இல்லாமைக்கு அப்பாற்பட்டவன் அல்லன். தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடிய 95ஆம் பாடலில், உள்ளபோது உணவளித்து, இல்லாதபோது இருப்பதை உடனிருந்து உண்பவனாக அஞ்சி காட்டப்படுகிறான். கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே இல்லாமையில் அமர்ந்து உண்ணும் இக்காட்சியில், ஈ, தா, கொடு என்னும் படிநிலை பொருளற்றுப் போகிறது.

சினக்க இயலாதவர்

இதுவரை கண்ட அறிவு யாருடையது என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. எத்திசையிலும் சோறு உண்டு என்று ஔவையாரால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவர் கையில் இருந்த தொழில். தச்சச் சிறுவர்களுக்குக் கோடரி, புலவருக்குச் சொல். தொழிலும் மாற்று வாயிலும் இல்லாதவர் 206ஆம் பாடலைப் பாட முடியாது.

அத்தகையோர் இருந்தனர் என்பதையும் ஔவையாரே பதிவுசெய்கிறார். அஞ்சியின் இறப்பைப் பாடும் 235ஆம் பாடலில், அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கையையும் ஊடுருவி, அவனால் காக்கப்பட்டோர் கண்ணொளியை மழுக்கி, புலவர் நாவில் சென்று வீழ்ந்தது. பாணருக்குக் கலமும் புலவருக்கு நாவும் சொல்லப்பட, இரப்போருக்குச் சொல்லப்படுவது வெறுங்கை. அவர்கள் பாணரும் அல்லர், புலவரும் அல்லர். வாயிற்காவலனிடம் அவர்கள் என்ன சொல்லியிருப்பர் என்பதற்குத் தனிப்பாடல் இல்லை.

திருக்குறளின் இரவு, இரவச்சம் என்னும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களை இவ்வெறுங்கையின் பக்கத்திலிருந்து வாசிப்பது பயனுடையது. 1060ஆம் குறள், இரப்பவன் சினம் கொள்ளக் கூடாது. அவனது வறுமைத் துன்பமே அதற்குப் போதிய சான்று என்கிறது. ஔவையாரின் சினத்திற்கு இது நேர் மறுதலை. பாணரும் புலவரும் பெற்ற பரிசிலுரிமை பிற்காலத்தில் தேய்ந்ததன் விளைவாக மட்டும் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டுவதில்லை. புறநானூறு தொழிலுடைய பரிசிலரைப் பேசுகிறது. குறளின் இரப்பவர் எத்தொழிலும் சுட்டப்படாதவர். சினம் அவருக்கு உதவாது என்று அறிந்து கூறிய அறிவுரையாக 1060ஐக் கொள்ளலாம். அதே வள்ளுவர், தக்காரிடம் கேட்டும் அவர் மறைத்தால் பழி அவருடையதே அன்றிக் கேட்டவருடையதன்று என 1051இல் கூறுகிறார். இரப்பவர் இல்லையெனில் உலக இயக்கம் மரப்பாவையின் இயக்கம் போலாகும் என 1058இல் கூறுகிறார். எனவே இரவச்சத்தை மட்டும் எடுத்துக்காட்டிக் கேட்டலை இழிவென்று முடிப்பது, 204ஆம் பாடலின் தொடக்கத்தோடு நின்றுவிடுவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

தகடூர் சார்ந்த பாடல்களில் கேட்டல் ஒருகணத்தில் முடியும் செயல் அன்று. தக்க இடத்தை அறிதல், பிறர்க்கு அதனைச் சொல்லுதல், தாழாமல் கேட்டல், முகம் மாறாதவரை பொறுத்தல், அறியப்படாதபோது சினத்தல், அறியாது தந்ததை மறுத்தல் என அது பல படிகளை உடையது. இவற்றுள் எதுவும் பிறவியில் வாய்ப்பதில்லை. கூட்டத்தோடு சென்று பழகிப் பெறுவது. இழிவு கேட்டவரிடம் இல்லை. அறியாமல் கொடுப்பதில் உள்ளது என்பதே இப்பாடல்களின் பொதுக்கருத்து.

இக்கருத்து வகுப்பறைக்கு வெளியேயும் பொருளுடையது. தகடூர் இருந்த இடத்தில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு மக்கள் வருகின்றனர். அவர்கள் பரிசிலர் அல்லர், குடிமக்கள். பெறுவது கொடை அன்று, உரிமை. ஆயினும் முகம் காணாமல் வாங்கி வைக்கப்படும் ஒரு மனு, பெருஞ்சித்திரனாரின் வினாவையே மீண்டும் எழுப்பும். கேட்டலை இழிவு என்று மட்டும் கற்ற ஒருவர் அந்த வரிசையில் நிற்கவே கூசுவார். 206ஆம் பாடலையும் கற்றவர், தாம் அங்கு நிற்பதில் இழிவில்லை என்பதை அறிவார். 235ஆம் பாடலின் வெறுங்கையினருக்கு வாய்க்காத அவ்வினாவை இன்று எவரும் கேட்கலாம் என்பதையும் அறிவார். பரிசில் பாடல்களை வள்ளல் புகழாக மட்டும் கற்பிக்கும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இதுவே போதிய காரணமாகும்.